பார்வோன் மகள் கொடுத்த கூலி

விடுதலைப் பயண நூலின் 2ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. நாம் பலமுறை படித்திருப்போம். திருப்பலி வாசகத்தில் கேட்டிருப்போம். ஆயினும் அதில் வரும் ஒரு சொல்லை நம்மில் பலர் கவனியாமலே கடந்து போயிருப்போம். நைல் ஆற்றின் நாணலிடையே பேழையில் கிடந்த எபிரேயக் குழந்தையைப் பார்வோனின் மகள் காண்கிறாள். சற்றுத் தொலைவில் நின்றிருந்த குழந்தையின் அக்காள் ஓடிவந்து, பாலூட்டி வளர்க்க ஒரு பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்கிறாள். அழைத்து வரப்பட்டவளோ அந்தக் குழந்தையைப் பெற்ற தாயே! இளவரசி அவளிடம் குழந்தையை ஒப்படைக்கிறாள். வளர்ப்பதற்குரிய கூலியைத் தானே தருவதாகவும் வாக்களிக்கிறாள்.

தன் மகவுக்குப் பாலூட்டக் கூலி வேண்டுமென்று எந்தத் தாயும் கேட்கமாட்டாள். மோசேயின் தாயும் கேட்கவில்லை. பிழைத்த குழந்தை மடிக்குத் திரும்பியதே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். எனினும், 'பிள்ளை வளர்ப்பது பெண்ணுக்கு இயல்புதானே, அதற்குக் கூலி எதற்கு?' என்று அந்த இளவரசி எண்ணவில்லை. அரண்மனையின் பொறுப்பில் ஒரு குழந்தை வளர்கிறது. வளர்ப்பவளுக்கு அரண்மனை கூலி கொடுக்க வேண்டும். இவ்வளவே அவளுடைய கணக்கு.

இந்த எளிய கணக்கை நம் நாட்டின் அரசுகள் இன்றளவும் சரியாகப் போடவில்லை. அரசுப் பணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஊதிய வேற்றுமை உண்டா, உண்டெனில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களோடு சேர்ந்து ஆராய விழைகிறோம்.

பட்டியலில் வேற்றுமை இல்லை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதிய விகிதம் ஒன்றே. ஆசிரியருக்கும் ஆசிரியைக்கும் அகவிலைப்படி ஒன்றே. ஊதியப் பட்டியலில் ஆண் என்றும் பெண் என்றும் இரு பத்திகள் கிடையா.

உலகெங்கும் இது இயல்பாக வந்துவிட்ட ஒன்றன்று. நம் அரசுப் பணிகளுக்கு அச்சாக விளங்கிய பிரிட்டனிலே, ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்த எழுத்தர்களுள் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு என்பது விதியாகவே இருந்தது. 1955ஆம் ஆண்டு தொடங்கி, ஆண்டுக்குச் சிறிது சிறிதாக அவ்வேற்றுமை குறைக்கப்பட்டு, 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முற்றிலும் நீங்கிற்று. நம் அரசியல் அமைப்போ 1950ஆம் ஆண்டிலேயே, ஆண் பெண் இருபாலார்க்கும் சமவேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசுக்குரிய வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக 39ஆம் பிரிவில் வைத்தது. சம மதிப்புள்ள உழைப்புக்குச் சம ஊதியம் வேண்டும் என்னும் உலகத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றுக்கொண்டது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு நிற்கிறது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இருக்கிறது, பட்டியலும் நேராக இருக்கிறது. பின் வேற்றுமை எவ்வழியே நுழைகிறது? மூன்று வாயில்களை நாம் காண்கிறோம். முதல் வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இரண்டாவது பாதி திறந்திருக்கிறது. மூன்றாவதோ அகலத் திறந்தே கிடக்கிறது.

மணமாலையும் பணிநீக்கமும்

கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அன்னா ராஜம் அம்மையார் 1951இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வு பெற்றார். சுதந்திர இந்தியாவில் அப்பணியில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. அன்றைய சென்னை மாநிலத்தைத் தமக்குரிய களமாக அவர் தேர்ந்துகொண்டார். அவருக்குக் கிடைத்த பணி ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற வாசகம் இருந்தது. மாவட்ட நிருவாகம் பெண்ணுக்கு ஒத்துவருமா என்ற ஐயம் ஆட்சியாளர்க்கு இருந்தது. அவர் விடாது வாதாடி, ஓசூரில் சார் ஆட்சியராகப் பணியேற்றுத் தம் திறமையை நிலைநாட்டினார். மணம் குறித்த அவ்விதி சில ஆண்டுகளில் தளர்ந்தது.

வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற்பெண்மணியான குடகு நாட்டு முத்தம்மா அம்மையாரின் வரலாறும் இத்தகையதே. பெண் அலுவலர் மணம் செய்யுமுன் அரசின் எழுத்துவழி இசைவைப் பெறவேண்டும். மணத்திற்குப் பின் குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்பது அப்பணியின் விதி. ஆண் அலுவலருக்கு அத்தகைய விதி இல்லை. அவருக்குக் குடும்பமே இல்லை என்று விதி வகுத்தோர் எண்ணினர் போலும்! தமக்குரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்கு உயர்வு அளித்துவிட்டது. எனினும் 1979இல் தீர்ப்பு வழங்கிய நீதிபதி கிருஷ்ண ஐயர், பணி விதிகள் அனைத்தையும் மறு ஆய்வு செய்து பாலின வேற்றுமையின் கறையைத் துடைக்குமாறு அரசை வலியுறுத்தினார். 1981இல், அன்று அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள், முதன்முறை கருவுற்றதும் பணி நீக்கம் என்ற விதியை எதிர்த்து வென்றனர்.

இவை ஊதிய வேற்றுமையின் வரலாறே என்பதை நாம் மறக்கலாகாது. மணமானதும் பணி விட்டவருக்கு ஆண்டு உயர்வு ஏது? பதவி உயர்வு ஏது? முதுமையில் ஓய்வூதியம் ஏது? இந்த முதல் வாயிலை அடைத்தவர்கள் சிலர். அதனால் பயன் பெற்றோர் நம் இல்லங்களின் மகளிர் அனைவரும்.

தொட்டிலருகே நழுவும் பணிமூப்பு

இரண்டாம் வாயில் தாய்மை. 2023இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின், தம் நாட்டின் 200 ஆண்டுக் காலச் சான்றுகளை ஆராய்ந்தவர். முற்காலத்தில் கல்வியும் தொழில் தேர்வும் ஊதிய வேற்றுமைக்குப் பெருங்காரணமாய் இருந்தன. இன்றோ ஒரே தொழிலில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலேயே வேற்றுமை நிலவுகிறது. அது பெரும்பாலும் முதற்குழந்தை பிறந்தபின் தோன்றுகிறது என்பது அவர் கண்ட உண்மை.

அரசுப் பணியில் ஊதிய விகிதம் குறையாது. ஆனால் ஏணிப்படி தாமதிக்கும். தமிழக அரசு மகப்பேறு விடுப்பை 2021 சூலை முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியது, பாராட்டத்தக்க செயல். எனினும் புதிதாகப் பணியில் சேர்ந்த பெண், தகுதிகாண் பருவத்திலே மகப்பேறு விடுப்பு எடுத்தால் அக்காலம் கணக்கில் வராதிருந்தது. உடன் சேர்ந்த ஆண் தகுதிகாண் பருவத்தை முடித்துவிடுவார், அவரோ பின்தங்குவார். அப்பின்னடைவு பதவி உயர்வு வரை தொடரும். ஒரு குழந்தையைப் பெற்றதற்கு விலை பணிமூப்பு! 2025 ஏப்ரலில்தான் மகப்பேறு விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக் கணக்கிடுவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

அதே ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மற்றொரு முடிச்சை அவிழ்த்தது. இரு குழந்தைகளுக்கு மேல் விடுப்பு இல்லை என்ற விதியைக் காட்டித் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டிருந்தது. அம்மறுப்பைத் தள்ளிய நீதிமன்றம், மகப்பேறு விடுப்பு பெண்ணின் அடிப்படை உரிமைகளோடு பிணைந்தது என்று தெளிவாக்கியது. உயிரைப் போற்றும் நம் மறையின் மக்கள் இதனைக் குறித்துவைத்தல் நலம்.

ஆயினும் இவ்வாயில் பாதி திறந்தே இருக்கிறது. பதவி உயர்வு தொலைவூர் மாறுதலோடு வரும்போது, 'பிள்ளைகளின் படிப்பு கெடும், மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை' என்று உயர்வையே வேண்டாம் என எழுதிக் கொடுத்த சகோதரிகளை நம் பங்குகளிலேயே நாம் அறிவோம். அவ்வாறு எழுதிக் கொடுத்த கணவன்மார் எத்தனை பேர்? இக்கேள்விக்கு விடை அரசாணையில் இல்லை. நம் இல்லங்களில்தான் இருக்கிறது.

'தொண்டு' என்னும் பெயர்

இனி மூன்றாம் வாயிலுக்கு வருவோம். இதுவே நம் கட்டுரையின் உயிர்நிலை.

ஒரே இல்லத்தில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் எண்ணிப் பாருங்கள். அண்ணன் 8ஆம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டு தமிழக அரசில் அலுவலக உதவியாளராகச் சேர்கிறான். அப்பதவிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 15,700 ரூபாய். தங்கை 12ஆம் வகுப்பு தேறியவள். அவள் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்கிறாள். 2025இல் வெளியான நியமன அறிவிப்புகளின்படி அவளுக்கு முதலாண்டில் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அதன்பின் அதே தொகையில் தொடங்கும் சிறப்புக் காலமுறை ஊதியம். அவளோடு பணிபுரியும் உதவியாளருக்குத் தொடக்கம் 4,100 ரூபாய். அடுத்த கட்டடத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குச் சத்துணவு சமைக்கும் உதவியாளருக்கோ 3,000 ரூபாய்! படிகள் சேர்ந்தாலும் இடைவெளி மறைவதில்லை.

அலுவலக உதவியாளராகப் பெண்ணும் சேரலாம். சேர்ந்தால் ஆணுக்குரிய ஊதியமே பெறுவாள். அங்கே வேற்றுமை இல்லை. ஆனால் அங்கன்வாடிப் பணி பெண்ணுக்கு மட்டுமே உரியது. பெண் மட்டுமே செய்யவேண்டும் என்று அரசே ஒதுக்கிவைத்த வேலைதான், அரசு கொடுக்கும் ஊதியங்களுள் மிகக் கீழே கிடக்கிறது. இது தற்செயல் என்று நம்மால் நம்ப இயலவில்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் காந்தியடிகளின் பிறந்த நாளன்று தொடங்கப்பெற்றது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள். தமிழகத்தில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். அங்குப் பணிபுரிபவரை மத்திய அரசு தொடக்கம் முதலே ஊழியர் என்று அழைக்கவில்லை. மதிப்பூதியம் பெறும் தொண்டர் என்றே அழைத்தது. ஊழியர் என்றால் ஊதியம் தரவேண்டும். தொண்டர் என்றால் மதிப்பூதியம் போதுமன்றோ? 2018ஆம் ஆண்டின் உயர்வுக்குப் பிறகு மத்திய அரசு வகுத்த மதிப்பூதியம் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதற்கு மேல் கொடுப்பது அந்தந்த மாநிலத்தின் மனத்தையும் பணத்தையும் பொறுத்தது. தமிழகம் ஒரு சிறப்பு ஊதிய விகிதம் அளித்து, பல மாநிலங்களைவிட முன்னே நிற்கிறது. முன்னே நிற்கும் தமிழகத்திலேயே நிலை நாம் மேலே கண்டவாறு எனில், பிறவற்றைச் சொல்வானேன்?

அவர்தம் வேலைதான் என்ன? குழந்தைகளைக் கூட்டி, பாட்டும் கதையும் சொல்லிப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தல்; எடை பார்த்தல்; உணவு அளித்தல்; கருவுற்ற தாய்மாரையும் பாலூட்டும் தாய்மாரையும் வீடு தேடிச் சென்று பதிவு செய்தல்; சத்துமாவு வழங்குதல்; தடுப்பூசி நாளுக்குத் தாய்மாரை அழைத்து வருதல்; எல்லாவற்றையும் பதிவேட்டிலும் கைப்பேசிச் செயலியிலும் ஏற்றுதல். போதாதென்று வாக்காளர் பட்டியல் பணியிலும் பலர் அமர்த்தப்படுகின்றனர்.

நாட்டின் நலப்பணியில் ஈடுபட்டுள்ள ஏறத்தாழ 10 லட்சம் 'ஆஷா' சகோதரிகளின் கதையும் இதுவே. 2005இல் தொடங்கிய அத்திட்டத்திலும் அவர்கள் தொண்டர்களே. செய்த செயலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊக்கத்தொகை பெறுவோர். கொரோனாக் காலத்தில் வீடு வீடாகச் சென்ற அவர்களை 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் விருதளித்துப் போற்றியது. அவ்விருது பெற்ற மூன்றாண்டுகளுக்குள், 2025 பிப்ரவரியில், கேரளத்து ஆஷா சகோதரிகள் மதிப்பூதிய உயர்வும் ஓய்வுக்காலப் பயனும் கேட்டுத் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தனர். புகழ்ச்சி நிறையக் கிடைத்தது. அரிசி வாங்க அது உதவுமா?

நீதிமன்றங்கள் சொன்னவை

அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அதனால் பலர் பணிமுடிவில் வெறுங்கையோடு வீடு திரும்பினர். ஆனால் 2022 ஏப்ரல் 25ஆம் நாள், குஜராத் சகோதரிகள் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் புதிய ஒளி பாய்ச்சியது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகளை நிறைவேற்றுபவர்கள் இவர்களே. இவர்கள் வேலை பகுதிநேர வேலை என்ற வாதத்தை ஏற்க முடியாது. எனவே 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணிக்கொடையின் பொதுக்கணக்கை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நலம். ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம். மாதத்துக்கு 26 நாள் என்று கொள்வர். கடைசியாக மாதம் 13,000 ரூபாய் பெற்ற ஒருவரின் ஒருநாள் ஊதியம் 500 ரூபாய். 15 நாளுக்கு 7,500. 30 ஆண்டுப் பணிக்கு 2,25,000 ரூபாய். முதுமையில் ஒரு கைத்தடி இது. 2025 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்று, பணியாளருக்கு மாதம் 24,800 ரூபாயும் உதவியாளருக்கு 20,300 ரூபாயும் வழங்குமாறு அம்மாநிலத்தில் ஆணையிட்டது. மேல்முறையீடுகளும் நிதிநிலை வாதங்களும் தொடரலாம். தீர்ப்பில் எழுதியது கையில் பணமாக வந்துசேரும் வழி நெடியது. ஆனால் 'இது தொண்டுதானே' என்ற சொல்லின் வலிமை குன்றத் தொடங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை.

கடல் கடந்த ஒரு பாடம்

இத்தகைய கணக்கைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி ஒரு பாடம். அங்கே குப்பை அள்ளும் ஆண் தொழிலாளருக்கு ஊதியத்தோடு மிகையூதியமும் கிடைத்து வந்தது. அதே தரத்தில் மதிப்பிடப்பட்ட சமையற்பெண்கள், துப்புரவுப் பெண்கள், முதியோரைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கு அம்மிகை இல்லை. வேலை வேறாயினும் மதிப்பு ஒன்றன்றோ என்று அப்பெண்கள் வழக்காடி 2010இல் வென்றனர்; 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மேலும் பலருக்கு வழக்காட வழி திறந்தது. நிலுவை ஏறிக்கொண்டே போயிற்று. 2023 செப்டம்பரில், இன்றியமையாச் செலவன்றி வேறு செலவு செய்ய இயலாது என்று மாநகராட்சியே அறிவிக்கும் நிலை வந்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் தலையாயது, 76 கோடி பவுன் வரை எட்டும் என மதிப்பிடப்பட்ட சம ஊதியக் கடன். உரிய காலத்தில் கொடாத கூலி வட்டியோடு வாசலில் வந்து நிற்கும் என்பதை அம்மாநகர் கற்றுக்கொண்டது.

திருச்சபையின் குரல்

அறுவடை செய்தவர்க்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அக்குரல் படைகளின் ஆண்டவரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். அவ்வெச்சரிக்கையை அடியொற்றியே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலை எழுதினார். தொழிலாளி வேறுவழியின்றிக் குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அவ்விசைவு அக்கூலியை நேர்மையாக்கிவிடாது என்பது அவருடைய போதனை. 'குறைவு என்றால் ஏன் சேர்ந்தாள்?' என்று கேட்போர் இதனை உன்னிக்க வேண்டும்.

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1963இல் உலக அமைதி பற்றி எழுதிய சுற்றுமடலில், பெண்கள் தம் மாண்பை உணர்ந்து இல்லத்திலும் பொதுவாழ்விலும் தமக்குரிய உரிமையைக் கேட்பதைக் காலத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகக் கண்டார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1995இல் உலகப் பெண்களுக்கு எழுதிய மடலில், சமவேலைக்குச் சம ஊதியத்தையும், பணிபுரியும் தாய்மாரின் பாதுகாப்பையும், பதவி உயர்வில் நேர்மையையும் உடனடித் தேவைகளாக எண்ணிச் சொன்னார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஏப்ரல் 29ஆம் நாள் பொதுச் சந்திப்பின்போது, பெண் ஆணைவிடக் குறைவாகவே பெறவேண்டும் என்று எதிர்பார்ப்பது ஏன் என வினவி, அவ்வேற்றுமையை ஓர் இடறல் என்றே கண்டித்தார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தொண்டு புனிதமானதன்றோ? நம் அருட்சகோதரிகள் கூலி கருதியா உழைக்கின்றனர்? உண்மை, தொண்டு புனிதமானது. ஆனால் அது மனமுவந்து கொடுப்பது. பிறர் நம்மீது சுமத்துவதன்று. அருட்சகோதரி ஏழ்மையைத் தாமே வாக்களித்து ஏற்கிறார். அவரது நோயிலும் முதுமையிலும் சபை அவரைத் தாங்குகிறது. அங்கன்வாடிச் சகோதரி ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவள் அல்லள். அவளுக்கு வாடகை உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணம் உண்டு. நாளை மூட்டுவலியும் உண்டு. தாங்க ஒரு மடம் இல்லை.

நம் வீட்டுக் கணக்கு

அரசைக் குறை கூறி இத்துடன் முடித்தால் நாம் நேர்மையாளர் ஆகோம். நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் மருந்தகங்களிலும் நாம் என்ன செய்கிறோம்? அரசு மானியப் பணியிடத்தில் உள்ளவர் முழு ஊதியம் பெற, அதே வகுப்பறைக்கு அடுத்த அறையில் நிருவாகம் தரும் சிறு தொகைக்கு ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தும் ஆசிரியை நம் ஞாயிறு மறைக்கல்வியையும் சேர்த்தே நடத்துகிறார் அல்லவா? கோயிலைத் துப்புரவு செய்யும் அம்மாளுக்கு நாம் கொடுப்பது கூலியா, 'ஏதோ கொடுப்பதா'? 'இறைபணி' என்ற தூய சொல்லை, குறைந்த கூலியை மூடும் போர்வையாக நாமும் பயன்படுத்தியதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? பங்குப் பேரவை அடுத்த முறை கணக்குப் பார்க்கும்போது, பெண் பணியாளர் பெறும் தொகை ஒவ்வொன்றையும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும். படிக்க நாக்கூசினால், அங்கேதான் திருத்தம் தேவை.

இல்லங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தை செல்லும் அங்கன்வாடியின் ஆசிரியையை 'ஆயா' என்று பொதுவாக அழைப்பதை விட்டு, பள்ளி ஆசிரியைக்குத் தரும் மரியாதையைத் தாருங்கள். உங்கள் தெருவில் அப்பணியில் இருந்து ஓய்வு பெறும் சகோதரி இருந்தால், பணிக்கொடை பற்றிய 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பணியில் சேர்ந்த ஆணை, ஊதியச் சான்று முதலியவற்றைப் பத்திரப்படுத்தி விண்ணப்பம் எழுத, படித்த இளைஞர் உதவட்டும். உங்கள் மனைவிக்கோ மருமகளுக்கோ பதவி உயர்வு வரும்போது, 'யார் விட்டுக்கொடுப்பது?' என்ற கேள்வியை இருவரும் அமர்ந்து பேசுங்கள். விடை முன்கூட்டியே எழுதப்பட்டதாக இருக்க வேண்டாம்.

மோசே வளர்ந்து ஒரு மக்களினத்தை விடுதலைக்கு நடத்திச் சென்றார். அவருடைய கால்களுக்கு முதல் வலுவைத் தந்தது கூலி பெற்ற ஒரு தாயின் மடி. அக்கூலியைத் தந்தவள் நம் மறையைச் சேர்ந்தவள் அல்லள். எபிரேயக் குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட மன்னனின் மகள். அவளுக்குத் தெரிந்த நேர்மை, குழந்தை இயேசுவை மடியில் ஏந்திய அன்னையை நாள்தோறும் வாழ்த்தும் நமக்குத் தெரியாமல் போகலாமா? இந்தத் திங்களில் உங்கள் ஊர் அங்கன்வாடியின் வாசலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று, உள்ளே பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் அச்சகோதரியிடம், 'அம்மா, உங்களுக்கு மாதம் எவ்வளவு கிடைக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இரவு செபமாலைக்குப் பின் குடும்பத்தோடு அதைப் பற்றிப் பேசுங்கள்.